அரை மாத்திரை வீட்டுப் பூனை

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று அந்தத் தெருவில் கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். 'அரை மாத்திரை' என்று கேளுங்கள். தொட்டில் குழந்தையைத் தவிர எல்லோரும் மூலையில் இருக்கும் மருந்துக்கடையைக் கை காட்டுவார்கள். தலைமுடி கறுப்பாக இருந்தபோது அந்தக் கடையில் பெட்டி தூக்க வந்தவர். இப்போது முடியும் நரைத்துவிட்டது, கடையும் ஏறக்குறைய அவருடையது மாதிரி ஆகிவிட்டது. சான்றிதழ் முதலாளியின் பெயரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். முதலாளி எப்போதாவது வருவார், விசிறிக்குக் கீழே உட்காருவார், போய்விடுவார். மருந்து கொடுப்பது இவர்தான்.

வலது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் அவர் வெட்டவே மாட்டார். அதுதான் அவருடைய கத்தி. மாத்திரையைச் சுட்டுவிரல் மேல் வைத்து நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினால் டக்கென்று சரிபாதியாகப் பிளக்கும், துளி தூள் உதிராது. பெரியவர்களுக்கு ஒன்று, ஒல்லியாக இருந்தால் அரை, பிள்ளைகளுக்குக் கால். ஆளை ஏற இறங்கப் பார்ப்பார், எடையைக் கண்ணாலேயே போட்டுவிடுவார், நகம் வேலை செய்யும். "மருந்துல என்னங்க இருக்கு, எல்லாம் அளவுல இருக்கு" என்பார். சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர்தான். சளி, காய்ச்சல், வயிற்றுவலி என்று வந்தவர்கள் மறுநாள் சிரித்துக்கொண்டு போவார்கள். தானாகவே சரியாகிப் போகிற காய்ச்சல்தான் உலகத்தில் முக்கால்வாசி என்பதை யார் அவரிடம் சொல்வது? தெருவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் எந்த மனுஷனுக்குத்தான் கால் தரையில் நிற்கும்?

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். மனைவி ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணி தைக்கிறாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு. காலையில் எழுந்ததும் அவர் ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் மாத்திரையுமாக வந்து நிற்பார். அவள் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் வாயைத் திறப்பாள். உள்ளங்கையிலிருந்து நேராக நாக்குக்குப் போகும். என்ன மாத்திரை, என்ன நிறம், எதுவும் அவளுக்குத் தெரியாது. "உங்க வீட்டுக்காரர் டாக்டர் மாதிரி, உனக்கென்ன கவலை" என்று தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் சொல்வார்கள். அவளும் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொள்வாள்.

டாக்டர் அவளுக்கு எழுதிக் கொடுத்தது ஒரு மாத்திரை. ஒரு சமயம் எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது என்றாள். "இவ உடம்புக்கு ஒண்ணு ஜாஸ்தி" என்று அவராகவே முடிவுகட்டினார். மறுநாளிலிருந்து அரையாயிற்று. தலைசுற்றல் நின்றது. அவர் டாக்டரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. அப்புறம் அவளுக்கு அடிக்கடி பின்மண்டை வலிக்க ஆரம்பித்தது. மெஷினைப் போட்டுக் குனிந்தே இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று அதற்கும் வலி மாத்திரையில் ஓர் அரை கொடுத்தார்.

பூனை அந்த வீட்டுக்கு வந்ததும் மருந்துப் பெட்டியில்தான். மழை பெய்த ஒரு நாள் கடை வாசலில் காலி அட்டைப்பெட்டிக்குள் கத்திக்கொண்டு கிடந்தது. சமையலறையில் எலித் தொல்லை, இருக்கட்டுமே என்று பெட்டியோடு தூக்கி வந்தார். எலியாவது, பிடிப்பதாவது! வந்த வாரமே அது தையல் மேஜை மேல் ஏறி, வெட்டி வைத்த துணியின் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, அவள் தைப்பதை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்துவிட்டது. "பாருங்களேன், மேனேஜர் மாதிரி உக்காந்திருக்கறத!" என்றாள் அவள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் மேனேஜர். பேச்சிலும் மரியாதை வந்துவிட்டது. மேனேஜர் சாப்பிட்டார், மேனேஜர் தூங்குகிறார், மேனேஜருக்கு இன்றைக்கு மனசு சரியில்லை.

அவள் அதை வளர்த்த அழகைச் சொல்ல வேண்டும். மீனை உப்பில்லாமல் வேகவைத்து முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்த பிறகுதான் தட்டில் வைப்பாள். வெங்காயம் பட்ட கரண்டிகூட அதன் தட்டுக்குக் கிட்டே வராது. தண்ணீர்க் கிண்ணம் தனி, தினமும் கழுவியாக வேண்டும். நூல் துண்டை விழுங்கினால் குடல் சுருண்டுவிடும் என்று கால்நடை டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து, தைத்து முடித்ததும் தரையைக் கையால் துழாவி ஒரு நூல் விடாமல் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடுவாள். ஊசி குத்தி வைக்கிற பஞ்சுத் திண்டு அலமாரிக்குள் போய்விடும். பால்கனி முழுக்க வலை. வெளியே போகும்போது கதவிடுக்கில் ஒரு காலை நீட்டி, பூனையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே கதவைச் சாத்துவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் ஏதோ நொண்டுகிறாள் என்று தோன்றும். தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் தேதி தவறாமல் டாக்டரம்மாவிடம் கூடையில் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பூனையும் சும்மா சொல்லக்கூடாது, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று இருக்கும்.

ஒரு தரம் பூனைக்குக் கண்ணில் பீளை கட்டியது. அவள் டாக்டரம்மாவிடம் போகக் கூடையைத் தேடுவதற்குள் அவர் கடையிலிருந்து கண் களிம்பு கொண்டுவந்து தடவிவிட்டார். அது சரியாகியும் போயிற்று. அன்றைக்குச் சரியாகாமல் இருந்திருக்கலாம். நான் சொல்வது கொடூரமாக இருந்தாலும் இருக்கட்டும். ஒரு கண் கெட்டிருந்தாலும் அந்த மனுஷனுக்குப் புத்தி வந்திருக்கும். "பாத்தியா? மனுஷன் என்ன, பூனை என்ன? எடைதான் வேற" என்று அவர் மார் தட்டிக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க. மனுஷ மருந்து எதையும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா தலைப்பாடா அடிச்சுக்கறாங்க."

"அவங்களுக்கும் பொழப்பு நடக்கணும் இல்ல?" என்று சிரித்தார்.

அவளுடைய அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விரிசல் விட்டபோதுதான் எல்லாம் நடந்தது. ஒரு ராத்திரி துணைக்கு இருந்துவிட்டு மறுநாள் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். அக்காவைப் பற்றிய கவலையைவிடப் பூனையைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது.

"மீன் வேகவச்சு வச்சிருக்கேன், சூடு ஆறினதும் வைங்க. தண்ணிய மாத்துங்க. கதவைப் பாத்துச் சாத்துங்க. பால்கனி வலை ஓரத்துல பிஞ்சிருக்குன்னு எத்தனை தரம் சொல்லிட்டேன், இன்னிக்காவது கட்டிடுங்க."

"கட்டறேன், கட்டறேன்."

"மேனேஜருக்கு ஏதாவதுன்னா டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணுங்க. நீங்களா எதையும் குடுத்துடாதீங்க. என்னங்க, காதுல விழுதா?"

"விழுது தாயே, விழுது. நீ கெளம்பு."

ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். கம்பியும் இடுக்கியும் அலமாரியில் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தன. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மதியம் சாப்பிட வந்தபோது தட்டில் வைத்த மீன் அப்படியே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார், வரவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்தால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கிடந்தது. இழுத்துப் பார்த்தார். பின்தொடையில் பல் பதிந்த காயம், சுற்றிலும் வீக்கம். வலையின் பிய்ந்த ஓரத்தில் ஒரு கொத்து மயிர் மாட்டியிருந்தது. வெளியே போயிருக்கிறது, வேறொரு பூனையிடம் கடிபட்டு அதே ஓட்டை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. காதைத் தொட்டால் கொதித்தது.

அவர் பயந்துபோனார். பூனைக்காக இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் வந்து கேட்கப் போகிற கேள்விக்காக. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தால் நாளைக்கு அவள் காதுக்குப் போகும். வலை கட்டாதது தெரியும். அவள் திரும்புவதற்குள் காய்ச்சலைத் தணித்து, காயத்தைக் காயவைத்து, வலையையும் கட்டிவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும். இவ்வளவு பேருக்கு இறங்குகிற காய்ச்சல் இதற்கு இறங்காதா?

காயத்தைக் கழுவித் துடைத்தார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுத்தார். பூனையைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். கைக்குழந்தை எடை. நகம் ஒரு தரம் அழுத்தியது, பாதி. இன்னொரு தரம் அழுத்தியது, கால். பொடி செய்து தண்ணீரில் கரைத்து, சொட்டு மருந்துக் குழாயில் உறிஞ்சி, வாயோரத்தில் விட்டார். அது நுரை தள்ளியது, தலையை உதறியது, நகத்தால் அவர் மணிக்கட்டைக் கீறியது. "கசக்கத்தான் செய்யும் மேனேஜர் சார், பொறுத்துக்குங்க" என்றார். நிஜமாகவே அன்போடுதான் சொன்னார், பாவி மனுஷன்.

சாயங்காலம் வந்து காதைத் தொட்டபோது சூடு குறைந்திருந்தது. பூனை அசையாமல் படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்தார். உச்சி குளிர்ந்துபோயிற்று. காய்ச்சல் மறுபடி ஏறிவிடக் கூடாதே என்று இன்னொரு கால் மாத்திரை கொடுத்தார். இந்தத் தடவை அது கீறவில்லை. சொன்னபடி கேட்கிறது என்று அதற்கும் சந்தோஷப்பட்டார். பிறகு கம்பியும் இடுக்கியும் எடுத்து வலையின் ஓரத்தை இழுத்துக் கட்டினார். மாட்டியிருந்த மயிரை மறக்காமல் எடுத்துக் குப்பையில் போட்டார்.

காலையில் பார்த்தபோது அது மேனேஜர் இல்லை. முகம் ஊதி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. முன்கால் பாதங்கள் பொம்மைக்குப் பஞ்சு அடைத்த மாதிரி வீங்கியிருந்தன. வாயைத் திறந்து மூச்சுக்குத் திண்டாடியது. ஈறு சிவப்பாக இல்லை, மண் நிறத்தில் இருந்தது. கூடை எங்கே என்று தெரியாமல் கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் துண்டை விரித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் பார்த்ததும் முகம் மாறியது. மேஜையில் கிடத்தி, மூக்கில் காற்றுக் குழாயை வைத்துக்கொண்டே ஈறைப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க?"

இந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு வார்த்தை. சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஆனால் கேட்டது ஊர் பேர் தெரியாத ஆளை இல்லை, அரை மாத்திரையை. தெருவுக்கே மருந்து கொடுக்கிறவரை.

"ஒண்ணும் குடுக்கல டாக்டரம்மா. வெளிய போய்க் கடிபட்டு வந்தாரு."

"கடிபட்டா ஈறு இப்படி ஆகாது. எலி மருந்து எதையாவது தின்னுச்சா? வீட்ல பூச்சி மருந்து தெளிச்சீங்களா?"

"இல்லீங்க."

"மாத்திரை ஏதாவது கீழ விழுந்து கெடந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லீங்க, அப்படி எதுவும்..."

டாக்டரம்மா விஷமாக இருக்குமோ, பாம்பாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தேடினார். ஊசி போட்டார், ரத்தம் எடுத்தார். எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது காப்பி நிறத்தில் இருந்தது. ஊசிக்குழலை மேஜையில் வைத்துவிட்டு நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க மருந்துக்கடையில இருக்கறவரு. காய்ச்சல் மாத்திரை குடுத்தீங்களா?"

"கால்... காலே கால் தாங்க. ரெண்டு வேளை."

"ஐயோ!" என்றார் டாக்டரம்மா. "பூனைக்கு அதுல கால் என்ன, துணுக்குகூட ஆகாது ஐயா. அதைச் செரிக்கற சக்தியே அதோட ஈரலுக்குக் கெடையாது. ரத்தம் கெட்டுப்போயிடும். வந்த உடனே ஏன் சொல்லல?"

டாக்டரம்மா அலமாரியைத் திறந்து புரட்டினார், ஒரு காலி டப்பாவை எடுத்துத் தூக்கிப் போட்டார்.

"மாத்து மருந்து இருக்கு. என்கிட்ட தீந்துபோச்சு. மனுஷங்களுக்குச் சளி கரையறதுக்குத் தண்ணில போட்டுக் குடுப்பாங்களே, பொங்கி வருமே, அந்த மருந்துதான். உங்க கடையில இருக்குமா?"

இருக்குமாவா? கல்லாவுக்கு நேர் பின்னால், இடுப்பு உயரத் தட்டில், திரும்பாமலேயே கையை நீட்டி எடுக்கிற இடத்தில் இருக்கிறது. இருமிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் கையால் எடுத்துக் கொடுக்கிற மருந்து. நேற்று மதியம் பூனையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதும் அது அங்கேதான் இருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. "என்னங்க அரை மாத்திரை, யாருக்கு என்ன?" என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. பூட்டில் முதலில் தப்பான சாவியைப் போட்டு, உருவி, வேறொன்றைப் போட்டுத் திறந்தார். மருந்தை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றபோது டாக்டரம்மா காற்றுக் குழாயை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் போச்சு" என்றார். கையைக் கழுவிக்கொண்டே, "வந்தவுடனே சொல்லியிருந்தா நிச்சயமாப் பொழைச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா பாத்திருக்கலாம்" என்றார். பெட்டியில் துண்டை மூடிக் கொடுக்கும்போது, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க ஐயா. நான் சொல்ற மாதிரி வச்சுக்காதீங்க" என்றார்.

சாயங்காலம் அவள் வந்தாள். கதவைத் திறந்ததுமே பழக்கமாகக் காலை முன்னால் நீட்டினாள். மோத யாரும் வரவில்லை. "எங்க, மேனேஜரைக் காணோம்?" என்றாள். அப்புறம் மூலையில் துண்டு மூடிய பெட்டியைப் பார்த்தாள்.

"வெளிய போயிட்டாரும்மா. ஏதோ பூனை கடிச்சுக் குதறிடுச்சு. டாக்டரம்மாகிட்டக் கொண்டுபோனேன், முடியல."

அவள் பால்கனியைப் பார்த்தாள். "வலை கட்டியிருக்கே?"

"அப்புறம் கட்டினேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுக்குள் கையைவிட்டு, "நான் போகாம இருந்திருக்கணும், என் தப்பு, என் தப்பு" என்று அழுதாள். வீங்கிய பாதத்தைத் தடவி, "அடிபட்டா இங்கயும் வீங்குமா?" என்று கேட்டாள். "வீங்கும்" என்றார் அவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் தலையாட்டினாள். இருட்டுவதற்கு முன் கட்டடத்துக்குப் பின்னால் மதிலோரம் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவள் போர்த்தியிருந்த சால்வையையே சுற்றி வைத்தாள். "டாக்டரம்மா எவ்வளவு பாடுபட்டாங்களோ. நீங்களும் எவ்வளவு ஓடியிருப்பீங்க, பாவம், கால்ல ரத்தக்கட்டு பாருங்க" என்று அவருடைய பாதத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள். அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதுதான் பெரிய கொடுமை.

மறுநாள் காலை. அவர் வழக்கம்போல எழுந்தார். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினார், நகம் தானாக அழுத்தியது, டக்கென்றது. அந்தச் சத்தம் அவர் காதில் அறைந்த மாதிரி விழுந்தது. தண்ணீரும் மாத்திரையுமாகக் கட்டிலருகே போய் நின்றார். அழுது வீங்கிய கண்ணைத் திறக்காமலேயே அவள் வாயைத் திறந்தாள்.

அவருக்குக் கை நீளவில்லை. அவள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "என்னங்க?" என்றாள்.

"கடிச்சதுல சாகலம்மா" என்றார். "நான்தான் மாத்திரை குடுத்தேன்."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஓட்டை, காய்ச்சல், கால் மாத்திரை, இன்னொரு கால் மாத்திரை, டாக்டரம்மா கேட்டும் மறைத்தது, தட்டில் இருந்த மாற்று மருந்து, எல்லாவற்றையும் கொட்டினார். அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, பாதியா இருக்கு?"

அவர் கையை மூடப் பார்த்தார். அவள் விரலைப் பிரித்தாள்.

"டாக்டர் எனக்கு எழுதினது ஒண்ணா, பாதியா?"

"ஒண்ணு."

"எப்பலேருந்து பாதி?"

"உனக்குத் தலை சுத்துதுன்னு சொன்னியே..."

அவள் யோசித்தாள். பின்மண்டைக்கு அவள் கை தானாகப் போயிற்று. "அதுக்கப்புறம்தானே எனக்கு இந்த வலி வந்துச்சு" என்றாள். கேள்வி மாதிரிகூட இல்லை.

எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். சேலையை மாற்றினாள். அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?"

"டாக்டரைப் பாக்க."

"இரு, சட்டை போட்டுட்டு நானும் வரேன்."

"வேணாம். நீங்க வந்தா நீங்கதான் பேசுவீங்க."

செருப்பைப் போட்டாள். வெளியே போய், கதவை இழுத்துச் சாத்தும்போது, பழக்கத்தில் ஒரு காலைக் கதவிடுக்கில் நீட்டி, உள்ளே இல்லாத பூனையைப் பின்னுக்குத் தள்ளினாள். கால் அப்படியே நின்றது. பிறகு அதை மெதுவாக எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவர் தண்ணீர்க் குவளையோடு கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். அந்த அரை மாத்திரை வியர்வையில் கரைந்து அவருடைய உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.